டோக்கியோவில் தண்டவாளம் யாருடையது?
வாசகர் கேள்வி – பதில்

டோக்கியோவில் வேலை கிடைத்துப் புறப்படுகிறவர்களும், ஏற்கெனவே அங்கே குடியேறியவர்களும், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் எழுதிய கடிதங்கள் சில மாதங்களாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. அவற்றில் போக்குவரத்தைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். அந்நகரில் பல ஆண்டுகள் மாதச் சம்பளக்காரனாக ரயிலேறி இறங்கியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

கேள்வி: அடுத்த மாதம் டோக்கியோ செல்கிறேன். ரயில் வரைபடத்தைத் திறந்தாலே நூல்கண்டைப் பூனை கலைத்துப் போட்டதுபோல இருக்கிறது. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? (சென்னை வாசகர்)

பதில்: கோட்டின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், அந்தக் கோடு யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். சென்னையில் மின்சார ரயிலுக்கு எடுத்த பயணச்சீட்டைக் காட்டி மெட்ரோவில் ஏற முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டும் வேறு வேறு நிர்வாகம் என்பதால் அதில் நமக்கு வியப்பும் இல்லை. டோக்கியோவில் அந்த நிலைமை பத்து மடங்கு விரிந்திருக்கிறது, ஆனால் ஒரே அட்டையைத் தொட்டு எல்லா வாசலிலும் நுழைந்துவிடலாம் என்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் இருப்பதுதான் புதிதாக வருபவரின் பணப்பையைக் கடிக்கிறது.

முக்கியமான உரிமையாளர்கள் மூவர். பழைய தேசிய ரயில்வே 1987-இல் பிரிக்கப்பட்டபோது உருவான ஜே.ஆர். கிழக்கு நிறுவனம் முதலாவது. நகரைச் சுற்றி 34.5 கிலோமீட்டர் வட்டமிடும், 30 நிலையங்கள் கொண்ட யமனோத்தே தடம் இவர்களுடையது. அடுத்து, ஒன்பது சுரங்கத் தடங்களை நடத்தும் டோக்கியோ மெட்ரோ. 1927 டிசம்பரில் உவேனோவுக்கும் அசகுசாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய, ஆசியாவின் முதல் சுரங்க ரயிலான கின்சா தடம் இவர்கள் வசம் இருக்கிறது. மூன்றாவது, டோக்கியோ பெருநகர அரசே நடத்தும் தோயெய்; இவர்களுக்கு நான்கு சுரங்கத் தடங்களும் பேருந்துகளும் உண்டு. இவர்களைத் தவிர கெய்யோ, ஒதாக்யு, தோக்யு, கெய்செய் என்று புறநகரங்களுக்கு ஓடும் தனியார் நிறுவனங்கள் பல.

ஒரே உரிமையாளரின் தடங்களுக்குள் எத்தனை முறை வண்டி மாறினாலும் கட்டணம் தொடர்ச்சியாகவே கணக்கிடப்படும். உரிமையாளர் மாறினால் மீட்டர் புதிதாக ஓடத் தொடங்கும். டோக்கியோ மெட்ரோவில் முதல் 6 கிலோமீட்டருக்குக் காகிதச் சீட்டு 180 யென், அட்டை 178 யென். 7 முதல் 11 கிலோமீட்டர் வரை 210 யென், அட்டையில் 209. தூரம் கூடக்கூட விலை மெல்லத்தான் ஏறுகிறது, ஆகவே நீண்ட பயணத்தை ஒரே நிறுவனத்துக்குள் முடிப்பது மலிவு, இரு குறுகிய பயணங்களாக இரு நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுப்பது நட்டம். மெட்ரோவிலிருந்து தோயெய்க்கு மாறுவோருக்கு மட்டும் 70 யென் தள்ளுபடி உண்டு; ஜே.ஆருக்கு மாறினால் பொதுவாக அதுவும் கிடையாது. வழிகாட்டிச் செயலி காட்டும் முதல் வழி பெரும்பாலும் விரைவானது, மலிவானதாக இருக்கவேண்டியதில்லை. விலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. உரிமையாளர் மாறும் இடத்தில் நீங்கள் வண்டியை விட்டு இறங்கவேண்டும் என்பதில்லை. மெட்ரோவின் தோசாய் தடத்தில் மேற்கு நோக்கிப் போகும் சில வண்டிகள் நகானோ நிலையத்தைத் தாண்டியதும் அப்படியே ஜே.ஆர். தண்டவாளத்தில் மிதாகா வரை போகின்றன. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், சன்னலுக்கு வெளியே ஒன்றும் மாறாது, ஆனால் இன்னொரு நிறுவனத்தின் கட்டணம் சேர்ந்துவிட்டிருக்கும். ஒருவர் தடத்துக்குள் மற்றவர் வண்டி நுழைந்து ஓடும் இந்த ஏற்பாடு சுரங்க ரயிலுக்கு 1960 டிசம்பரில் வந்தது. தோயெயின் அசகுசா தடமும் கெய்செய் நிறுவனமும் அதைத் தொடங்கிவைத்தன. அதற்காகக் கெய்செய் தன் தண்டவாளங்களையெல்லாம் பெயர்த்து அகலத்தையே மாற்றிப் போட்டது. அந்தச் சிரமத்தின் பயன் இன்று விமானப் பயணிக்குக் கிடைக்கிறது. நிஹோன்பாஷியில் அசகுசா தடத்தில் ஏறினால், வேளைக்கு ஏற்ப, நரிதா, ஹனேதா ஆகிய இரு விமான நிலையங்களுக்கும் வண்டி மாறாமலே போய் இறங்கும் ரயில்கள் கிடைக்கும்.

கேள்வி: சுயிகா, பாஸ்மோ என்று இரண்டு அட்டைகள் சொல்கிறார்கள். எதை வாங்குவது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: சில்லறையாகப் பயணம் செய்ய எதை வாங்கினாலும் ஒன்றுதான். சுயிகா ஜே.ஆர். கிழக்கு 2001-இல் கொண்டுவந்தது, பாஸ்மோ மெட்ரோவும் தனியார் ரயில், பேருந்து நிறுவனங்களும் 2007-இல் கொண்டுவந்தது. ஒன்று செல்லுமிடத்தில் மற்றதும் செல்லும். முன்பணம் 500 யென், அதிகபட்சம் 20,000 யென் வரை நிரப்பலாம்.

வேறுபாடு மாதச் சலுகைச் சீட்டு எடுக்கும்போதுதான் தலைகாட்டும். முழுக்க மெட்ரோ வழியாகவே அலுவலகம் போகிறவர் தம் சலுகைச் சீட்டைச் சுயிகாவில் ஏற்ற முடியாது, பாஸ்மோதான் வேண்டும். முழுக்க ஜே.ஆர். வழியாகப் போகிறவருக்குச் சுயிகாதான். எனவே வீடும் அலுவலகமும் உறுதியான பிறகு அட்டை வாங்குங்கள். முதல் வாரத்துக்கு எது கையில் கிடைக்கிறதோ அது போதும். அட்டையை வாங்கும்போது பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள், தொலைந்தால் உள்ளே இருக்கும் பணத்தோடு மறு அட்டை கிடைக்கும். பெயரில்லாத அட்டை தொலைந்தால் பணமும் போயிற்று.

கைப்பேசியிலேயே அட்டையை வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். ஐபோன் 8-உம் அதற்குப் பிந்தியவையும் எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும் வேலை செய்யும். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் ஜப்பானிய அட்டைக்கு வேண்டிய வசதி இருக்காது.

ஒரு எச்சரிக்கை: ஓர் அட்டையில் ஒருவர்தான் போகமுடியும். கணவர் தொட்டு உள்ளே போய்விட்டு, அதே அட்டையைப் பின்னால் மனைவியிடம் நீட்டினால் வாசல் திறக்காது.

கேள்வி: நிஷி-கசாயில் குடியேறி மூன்று வாரம் ஆகிறது. நேற்று மதியம் ஓத்தேமாச்சியிலிருந்து சரியான நடைமேடையில், சரியான திசையில்தான் ஏறினேன். வண்டி என் நிலையத்தில் நிற்காமல் ஆற்றைத் தாண்டி வேறு ஊருக்கே கொண்டுபோய்விட்டது. நான் செய்த தவறு என்ன? (நிஷி-கசாய் வாசகி)

பதில்: தவறு ஒன்றும் இல்லை, அம்மா, நிஷி-கசாயில் வாழும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கட்டிய வரி அது. நானும் கட்டியிருக்கிறேன், அதுவும் ஊரிலிருந்து வந்த விருந்தினரை அழைத்துக்கொண்டு, "இன்னும் இரண்டே நிலையம்தான்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வண்டி பறந்துவிட்டது.

தோசாய் தடத்தில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் சாதாரண வண்டிகளோடு, 'கைசொகு' எனப்படும் விரைவு வண்டிகளும் அதே நடைமேடையிலிருந்து கிளம்புகின்றன. இவை நகருக்குள் எல்லா நிலையங்களிலும் நின்று நல்ல பிள்ளைபோல வரும். தோயோச்சோவைத் தாண்டியதும் மினாமி-சுனமாச்சி, நிஷி-கசாய், கசாய் மூன்றையும் விட்டுவிட்டு உரயாசுவில்தான் நிற்கும். உரயாசு சிபா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே எதிர்த்திசையில் வரும் சாதாரண வண்டியைப் பிடித்தால் இரண்டாவது நிலையம் உங்களுடையது. வாசலுக்கு வெளியே போகாமல் அப்படியே திரும்பிவிட்டீர்களானால் அட்டையில் கூடுதலாகக் கழியாது, ஏனென்றால் அட்டைக்குத் தெரிவது நுழைந்த நிலையமும் வெளியேறிய நிலையமும் மட்டுமே. ஆயினும் விதிப்படி, தவறுதலாகத் தாண்டிப் போனவர் நிலைய ஊழியரிடம் சொல்லித் திரும்புவதே முறை.

நடைமேடையின் மின்பலகையில் வண்டி வகை தனி நிறத்தில் எழுதியிருக்கும், ஆங்கிலத்திலும் மாறி மாறி வரும்; போகுமிடத்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு ஏறாதீர்கள். அவசரத்தில் படிக்க முடியாவிட்டால் தோயோச்சோவில் கதவு திறக்கும்போது ஒரு நொடி கவனியுங்கள். விரைவு வண்டியில் இருந்தால் அங்கே இறங்கிப் பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். இன்னொரு கைத்தடியும் உண்டு: 2004 முதல் ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். தோசாய்க்கு டி (T), ஓத்தேமாச்சி டி 09, தோயோச்சோ டி 14, உங்கள் நிஷி-கசாய் டி 16, உரயாசு டி 18. பதினான்குக்குப் பிறகு பதினைந்து வரவில்லை என்றால் புரிந்துகொள்ளவேண்டியதுதான்.

கேள்வி: அலுவலகத்தில் 'எந்த வழியாக வருவீர்கள்' என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். நண்பர் ஒருவர் தோன்றியதை எழுதிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். இது என்ன ஏற்பாடு? (டோக்கியோவில் பணிபுரியும் மதுரை வாசகர்)

பதில்: நண்பரின் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். இந்தப் படிவத்தில்தான் உங்கள் அடுத்த சில ஆண்டுகளின் பயணம் அடங்கியிருக்கிறது.

ஜப்பானிய நிறுவனங்களில் பெரும்பாலானவை ஊழியர் வீட்டிலிருந்து அலுவலகம் வந்துபோகும் செலவைத் தாமே ஏற்கின்றன. மாதம் 1,50,000 யென் வரை அதற்கு வருமான வரி கிடையாது. அந்தப் பணத்தில் நீங்கள் 'தெய்கி' எனப்படும் சலுகைச் சீட்டை எடுக்கிறீர்கள். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று மூன்று வகை. கால அளவு கூடக் கூட மாதத்துக்கு ஆகும் செலவு குறையும். சென்னை மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு விருப்பம்போல் பயணம் செய்யும் மாதச் சீட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தெய்கி ஊர் முழுவதற்குமான சீட்டு அல்ல. இந்த நிலையத்திலிருந்து, இந்தத் தடங்கள் வழியாக, அந்த நிலையம் வரை என்று கோடு கிழித்துக் கொடுப்பார்கள். அந்தக் கோட்டின்மேல் எந்த நாளும் எத்தனை முறையும் போகலாம், இடையில் எங்கும் இறங்கலாம், ஏறலாம். கோட்டைத் தாண்டினால் தாண்டிய தூரத்துக்கு மட்டும் அட்டையிலிருந்து கழியும்.

இறங்கலாம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் நுட்பம் இருக்கிறது. நிஷி-கசாயில் வீடு, ஷிஞ்ஜுகுவில் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். தோசாயில் வந்து நகரின் நடுவே ஜே.ஆருக்கு மாறினால் இரு நிறுவனங்களுக்கும் தனித்தனியே செலுத்தவேண்டும். அதே தோசாயில் ஓத்தேமாச்சி வந்து, அங்கே மெட்ரோவின் மருனோஉச்சி தடத்துக்கு மாறினால் எல்லாம் ஒரே நிறுவனம். பணம் மிச்சம் என்பதோடு, அந்தத் தடம் டோக்கியோ நிலையம், கின்சா, கசுமிகசேகி, யோத்சுயா வழியாகத்தான் ஷிஞ்ஜுகு போகிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கின்சாவில் உலாவப் போனால் உங்கள் பங்குக்குச் செலவு ஒரு யென்கூட இல்லை. அலுவலகம் ஒப்புக்கொள்ளும் நியாயமான வழிகள் இரண்டு இருந்தால், விடுமுறை நாளில் எது பயன்படும் என்று யோசித்து எழுதுங்கள். நேர்மையாகப் பெறக்கூடிய சலுகை இவ்வளவுதான், இதுவே போதுமான அளவு பெரியது.

படிவத்தில் எழுதிய வழி ஒன்று, உண்மையில் வரும் வழி மலிவான இன்னொன்று என்று இருந்தால் அது அலுவலகத்தை ஏமாற்றியதாகும். வேலையே போகக்கூடிய காரியம். அதைவிடக் கொடியது, பெயர் எழுதிய தெய்கியை இன்னொருவருக்குக் கொடுப்பது. பிடிபட்டால் கட்டணமும் அதன் இரு மடங்கும் சேர்த்துக் கேட்பார்கள், தெய்கியில் அந்தக் கணக்கைச் சீட்டு தொடங்கிய நாளிலிருந்தே போடக்கூடும். ஊரிலிருந்து வந்த தம்பிக்கு ஒரு நாள் கொடுத்துப் பெரிய தொகை கட்டியவரை எனக்குத் தெரியும்.

வீடு மாறும்போதும் ஊருக்கே திரும்பும்போதும் தெய்கியைத் திருப்பிக் கொடுத்தால் மீதிப் பணம் கிடைக்கும். கணக்கு முழு மாதங்களாகப் போடப்படுகிறது. ஒரு நாள் கூடினாலும் அது ஒரு மாதம்தான். சீட்டு 5-ஆம் தேதி தொடங்கியிருந்தால் ஏதாவதொரு மாதத்தின் 4-ஆம் தேதிக்குள் திருப்பிவிடுங்கள். பயன்படுத்திய மாதங்களுக்கு ஆறு மாதச் சலுகை விலை பொருந்தாது, ஒரு மாத அல்லது மூன்று மாத விலைதான் கழிக்கப்படும். எனவே ஐந்தாவது மாதம் முடிந்தபின் கையில் ஏதும் மிஞ்சாது. இட மாற்றம் வரும் என்று தெரிந்தவர் ஆறு மாதச் சீட்டு எடுக்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: தோசாய் தடத்தின் காலை நெரிசலைப் பற்றிக் கேட்டதெல்லாம் உண்மைதானா? பெண்கள் தனியாகப் போகலாமா? (திருச்சி வாசகி)

பதில்: உண்மைதான். நிஷி-கசாய்ப் பகுதியில் இந்தியர்கள் குடியேறியதே இந்தத் தடத்தால்தான். 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கணினி வேலைக்கு வந்தவர்களுக்கு, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நிறைந்த ஓத்தேமாச்சிக்கும் நிஹோன்பாஷிக்கும் வண்டி மாறாமல் ஏறக்குறையக் கால் மணி நேரத்தில் போய்ச்சேரும் இடமாக அது இருந்தது. உத்தரவாதம் தர ஆள் கேட்காத பொதுத்துறை அடுக்குமாடி வீடுகளும் அருகிலேயே கிடைத்தன. ஆனால் அதே கணக்கைப் போட்ட ஜப்பானியர்கள் நம்மைவிட எத்தனையோ மடங்கு அதிகம். கிபாவுக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் இடையே காலை நேர நெரிசல் கொரோனா கொள்ளைநோய்க்கு முன்பு 199 விழுக்காடு. நாட்டிலேயே மிக நெரிசலான தடம் என்று ஆண்டுதோறும் பெயர் வாங்கியது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பழக்கம் வந்தபின் அது 150 விழுக்காட்டை ஒட்டி இறங்கியிருக்கிறது.

இந்த விழுக்காட்டுக்கு அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. இருக்கை, கைப்பிடி, கதவோரக் கம்பி இவற்றில் ஏதாவது ஒன்று எல்லோருக்கும் கிடைத்தால் 100. செய்தித்தாளை விரித்துப் படிக்க முடிந்தால் 150. மடித்துப் பிடித்தால்தான் படிக்க முடியும் என்றால் 180. உடம்போடு உடம்பு நெருக்கி அழுத்தம் தெரிந்தாலும், வார இதழை எப்படியாவது படித்துவிடலாம் என்றால் 200. கையைக்கூட அசைக்க முடியாவிட்டால் 250. இருநூறில் வார இதழ் படிக்கலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருப்பது நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி. நான் முயன்றபோது, முன்னால் நின்றவரின் முதுகில் அட்டைப் படம் ஒட்டிக்கொண்டதே தவிரப் படிக்க முடியவில்லை.

பெண்களுக்கு: வார நாட்களில் காலை வேளையில் நகரை நோக்கிப் போகும் வண்டியில் ஒரு பெட்டி பெண்களுக்கென ஒதுக்கப்படுகிறது. நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் நேரமும் பெட்டியும் எழுதியிருக்கும். தொடக்கப் பள்ளிச் சிறுவரும் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்குத் துணை வருவோரும் அதில் ஏறலாம். தொந்தரவு செய்பவருக்கு அங்கே 'சிகான்' என்று பெயர். அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னால் சுற்றியிருப்போர் புரிந்துகொள்வார்கள். சத்தமிட முடியாதவர்களுக்காக டோக்கியோ காவல்துறை 'டிஜி போலீஸ்' என்ற செயலியை வைத்திருக்கிறது, உதவி கேட்கும் வாசகத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி அருகிலிருப்பவரிடம் நீட்டலாம், குரலாகவும் ஒலிக்கவைக்கலாம். முதுகுப் பையை எல்லோரும் மார்பில் மாட்டிக்கொள்வதைப் பார்ப்பீர்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள். கைப்பேசியில் பேசவேண்டாம்.

முடிந்தால் காலை 7 மணிக்கு முன்போ 9 மணிக்குப் பிறகோ ஏறுங்கள். எல்லாவற்றையும்விடப் பயனுள்ள அறிவுரை அதுதான்.

கேள்வி: மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறோம், பேரப்பிள்ளைகள் இருவர். மூத்த குடிமக்களுக்கு அங்கே ரயிலில் சலுகை உண்டா? பகலில் நாங்களாகவே எங்காவது போய்வர முடியுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ஐயா, எழுபது வயது நிறைந்த டோக்கியோவாசிகளுக்கு 'சில்வர் பாஸ்' என்று ஒன்று உண்டு, ஆனால் அது அந்நகரில் குடியிருப்பவராகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். பார்வையாளர் விசாவில் வரும் உங்களுக்குக் கிடைக்காது. பதிலாக, வெளிநாட்டுப் பயணிகளுக்கு 24, 48, 72 மணி நேரச் சுரங்க ரயில் சீட்டு விற்கிறார்கள். மெட்ரோ, தோயெய் இரண்டின் எல்லாத் தடங்களிலும் அது செல்லும், ஜே.ஆரில் செல்லாது. கடவுச்சீட்டை எடுத்துச் செல்லுங்கள். ஊர் சுற்றத் திட்டமிட்ட நாட்களில் மட்டும் அதை வாங்குங்கள்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, பள்ளி சேராத ஆறு வயதுக்குட்பட்டவர்கள் ஒரு பெரியவருக்கு இருவர் வீதம் இலவசம்; தொடக்கப் பள்ளி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். பாதிக் கட்டண அட்டையைப் பெற வயதுச் சான்று காட்டவேண்டும்.

உங்களுக்கு ரயிலைவிடப் பேருந்தே நல்லது என்பது என் கருத்து. நிஷி-கசாய் இருக்கும் எதோகவா வட்டாரத்தில் ரயில் தடங்கள் எல்லாமே கிழக்கு மேற்காகத்தான் ஓடுகின்றன. வடக்கே புனபோரிக்கோ ஷின்-கொய்வாவுக்கோ போகவேண்டுமென்றால் பேருந்துதான் கதி. படி தாழ்வானது, கூட்டம் குறைவு, சன்னலில் ஊரும் தெரியும். நகர எல்லைக்குள் தோயெய் பேருந்தில் முன்கதவில் ஏறி, எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணத்தைச் செலுத்திவிட்டு, பின்கதவில் இறங்கவேண்டும். நகர எல்லைக்கு வெளியே பல பேருந்துகளில் இது தலைகீழ்: பின்னால் அல்லது நடுவில் ஏறி எண் அச்சிட்ட சிறு சீட்டைக் கிழித்துக்கொண்டு, இறங்கும்போது முன்னால் வந்து, அந்த எண்ணுக்கு நேரே பலகையில் காட்டும் தொகையைப் போடவேண்டும். பணப்பெட்டி 1,000 யென் தாளுக்குத்தான் சில்லறை தரும். 10,000 யென் தாளை நீட்டி ஓட்டுநரைச் சங்கடப்படுத்தவேண்டாம்.

பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக அடுத்த நிலையமான கசாயில், ரயில் பாலத்துக்கு அடியிலேயே சுரங்க ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1927-இல் ஓடிய மஞ்சள் நிற முதல் வண்டி அங்கே நிற்கிறது. திங்கட்கிழமை விடுமுறை.

கேள்வி: இரவு எத்தனை மணி வரை ரயில் ஓடும்? (சேலம் வாசகர்)

பதில்: நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், மீண்டும் காலை ஐந்து மணியளவில்தான். கடைசி வண்டி பெரும்பாலும் உங்கள் நிலையம் வரை வராது, நடுவிலேயே முடிந்துவிடும், ஆகவே போகுமிடத்தின் பெயரைப் படியுங்கள். தவறவிட்டால் வாடகைக் கார்: 2022 நவம்பரில் தொடக்கக் கட்டணம் 1.096 கிலோமீட்டருக்கு 500 யென்னாக நிர்ணயிக்கப்பட்டது, இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 20 விழுக்காடு கூடுதல். கதவை ஓட்டுநரே விசையால் திறந்து மூடுவார், நாம் இழுக்கக்கூடாது.

கேள்வி: புயலிலும் நிலநடுக்கத்திலும் ரயில் நின்றுவிட்டால் மொழி தெரியாதவர் என்ன செய்வது? (புதுச்சேரி வாசகர்)

பதில்: சிறு தாமதத்திலிருந்து தொடங்குகிறேன். வண்டி ஐந்து நிமிடம் தாமதித்தாலும் நிலைய வாசலில் தாமதச் சான்று என்று ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள், நிறுவனத்தின் இணையப் பக்கத்திலும் கிடைக்கும். அதை அலுவலகத்தில் கொடுத்தால் பெரும்பாலும் தாமத வருகையாகக் கணக்கிடமாட்டார்கள்.

தடம் முழுவதும் நின்றுபோனால், வேறு நிறுவனத்தின் தடத்தில் கூடுதல் கட்டணமின்றி ஏற்றிவிடும் மாற்றுப் பயண ஏற்பாடு உண்டு. இங்கேயும் அந்தப் பழைய கேள்வியே வந்து நிற்கிறது. தெய்கி வைத்திருப்பவரும் காகிதச் சீட்டு வாங்கியவரும் 'இந்த இடம் வரை கொண்டுசேர்க்கிறேன்' என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே வாக்குப் பெற்றவர்கள். அட்டையில் சில்லறையாகப் பணம் வைத்துத் தொட்டுப் போகிறவருக்கு அப்படி வாக்கு ஏதும் தரப்படவில்லை, போன தூரத்துக்குப் பணம் என்பதுதான் ஒப்பந்தம். எனவே அவருக்கு மாற்றுப் பயணம் கிடைக்காது, சொந்தச் செலவில்தான் போகவேண்டும். தெய்கி எடுப்பதற்கு இது இன்னொரு காரணம்.

புயலுக்கு 2018 முதல் டோக்கியோவில் முன்கூட்டியே அறிவித்து ஒட்டுமொத்தமாக ரயில்களை நிறுத்தும் வழக்கம் வந்திருக்கிறது. அறிவிப்பு வந்தால் அன்று வெளியே போகாதீர்கள். தோசாய் தடம் சுரங்க ரயில் என்று பெயர் பெற்றிருந்தாலும் அரகவா ஆற்றைத் திறந்த பாலத்தில் கடந்து, நிஷி-கசாயில் தூண்கள்மேல் ஓடுகிறது. பலத்த காற்றுக்கே அது நின்றுவிடும்.

நிலநடுக்கத்துக்கு 2011 மார்ச் 11 பாடம். அன்று தலைநகர் வட்டாரத்தில் சுமார் 51 லட்சம் பேர் வீடு திரும்ப முடியாமல் தவித்ததாக அரசு மதிப்பிட்டது. ஜே.ஆர். கிழக்கு அன்று முழுவதும் ஓட்டுவதில்லை என்று மாலையிலேயே அறிவித்துவிட, மெட்ரோவின் சில தடங்கள் இரவு ஒன்பது மணிக்கு முன்பே ஓடத் தொடங்கின. ஆகவே 'ரயில் நின்றுவிட்டது' என்று யாராவது சொன்னால், யாருடைய ரயில் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு டோக்கியோ அரசு 2013 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, நிறுவனங்கள் ஊழியர்களை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீரும் உணவும் வைத்துத் தங்கவைக்க முயலவேண்டும். அலுவலகக் கட்டடம் பத்திரமாக இருந்தால் அங்கேயே இருப்பதுதான் சரி. இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தெருவில் நடந்தால் தீயணைப்பு வண்டியும் போகமுடியாது.

சாலைகள் பாதுகாப்பானவை என்ற அறிவிப்பு வந்த பிறகு நடந்துதான் போகவேண்டும் என்று ஆகிவிட்டால், ஓத்தேமாச்சியிலிருந்து நிஷி-கசாய் பத்து கிலோமீட்டருக்குள்தான், இரண்டரை மணி நேர நடை. எய்தாய் சாலை என்ற பெருஞ்சாலையின் அடியில்தான் தோசாய் ஓடுகிறது, அதைப் பிடித்துக் கிழக்கே தோயோச்சோ வரை வரலாம். பிறகு அரகவாவைக் கடக்க, ரயில் பாலத்தை ஒட்டியே செல்லும் கியோசுனா பெரும்பாலம் இருக்கிறது. அலுவலக மேசை இழுப்பறையில் ஒரு ஜோடி நடைக் காலணி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். போகும்போது நடந்து, திரும்பும்போது தெய்கியில் வந்துவிடலாம்.